ஓதம் பார்த்துப் போன பிச்சாவரம்

உப்புநீரில் வளரும் அலையாத்திக் காடான பிச்சாவரம், கடலூர்க்காரர்களுக்குப் பெரிய பயணமில்லை. சிதம்பரம் சாலையில் புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி, கிள்ளை வழியாகப் போனால் படகுத்துறை வந்துவிடும். ஆனால் இந்த முறை பெங்களூரிலிருந்து தங்கை குடும்பம் வந்திருந்தது. முழங்கால் வலியோடு அம்மாவும் கிளம்பினார். அதனால் நாளையும் நேரத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

காணும் பொங்கல் கூட்டம் வேண்டாம், சனி ஞாயிறும் வேண்டாம். தை மாதம் மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, வலசைப் பறவைகளும் இருக்கும். எந்த நாள் என்பதைத் துறைமுகத்தில் பழக்கமான மீனவர் ஒருவர்தான் சொன்னார்: “ஓதம் ஏர்றப்ப போங்க. இல்லன்னா சின்ன வாய்க்கால்ல படகு தரை தட்டும்.”

ஓதம் என்றால் கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது. நம் கரையில் அந்த ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். பிச்சாவரத்தின் குறுகிய வாய்க்கால்களுக்கு அதுவே பெரிய வித்தியாசம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் நீர் ஏறி நிற்கும். அப்புறம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முகத்துவாரத்தில் ஏறிய நீர் உள்ளே வந்து சேர இன்னும் கொஞ்சம் நேரமாகும். தை அமாவாசையன்று அம்மா விரதம் என்பதால் மறுநாளை வைத்துக்கொண்டு, விடிந்ததும் கிளம்பிவிட்டோம்.

துறையில் இறங்கியதுமே பலன் தெரிந்தது. நீர் ஏறியிருந்ததால் படகு மேலே வந்து நின்றது. அம்மா சிரமமில்லாமல் கால் வைத்து ஏறிவிட்டார்.

பிள்ளைகள் மோட்டார் படகு கேட்டார்கள். நான் துடுப்புப் படகில் உறுதியாக இருந்தேன். மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்போடு நின்றுவிடும். துடுப்புப் படகுதான் 50-க்கும் மேற்பட்ட திட்டுகளுக்கு நடுவில் ஓடும் சந்துகளுக்குள் போகும். பிச்சாவரத்துக்கு வந்து அதைப் பார்க்காமல் போனால் வந்ததற்கே அர்த்தமில்லை.

உள்ளே நுழைந்ததும் வெயில் மறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் சுரபுன்னை. கிளையிலிருந்து இறங்கும் வேர்கள் வளைந்து வளைந்து சேற்றில் ஊன்றியிருந்தன. “தலையக் குனிங்கம்மா” என்று படகோட்டி சொல்லிக்கொண்டே வந்தார். மரத்திலேயே விதை முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்குவதைக் காட்டினார். அது விழுந்து சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வேர் பிடிக்கும், இல்லையென்றால் மிதந்து வேறு திட்டுக்குப் போய்விடும். வெண்கண்டல் இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார்த்த தங்கை மகன், “உப்பு மாமா!” என்று கத்தினான். வேர் உறிஞ்சும் உப்பில் ஒரு பங்கை அந்த மரம் இலை வழியாக வெளியேற்றிவிடும்.

2004 சுனாமியைப் பற்றியும் படகோட்டியே பேசினார். இந்த அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் ஓரளவு தப்பின. கடலைப் பார்த்திருந்த திட்டுகளில் பெரிய உயிர்ச்சேதம். 2022-ல் பிச்சாவரத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததில் எனக்குத் தனி சந்தோஷம். அது முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் அம்மா, “தில்லை மரம் எங்கப்பா இருக்கு?” என்று கேட்டார். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். தேவாரத்தில் தில்லையைப் பாடிப் பாடி வாழ்ந்தவர் அம்மா, ஆனால் மரத்தைப் பார்த்ததில்லை. படகோட்டி ஒரு கரையோரம் நிறுத்திக் காட்டினார். “பால் கண்ணுல பட்டா ஆபத்தும்மா, தொடாதீங்க” என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

நடராஜர் கோயில் நடையை மதியம் சாத்திவிடுவார்கள் என்பதால் அதை மாலைக்கு வைத்திருந்தோம். சிதம்பரத்தில் சாப்பிட்டுக் கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுத் தரிசனத்துக்குப் போனோம். முதலில் கோயிலுக்குப் போயிருந்தால், பிச்சாவரம் போய்ச் சேர்வதற்குள் நீர் வற்றியிருக்கும்.