பால்வெட்டுக் கத்தி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய சாமான் கடை. இன்று அங்கே, ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் பட்டையைச் சீவும் ஒரு பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

மரப்பிடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது. கட்டைவிரல் பதியும் இடம். என் விரல் அதில் சரியாகப் பொருந்தியது. பெண்ணின் கைதான் என்று தோன்றியது.

வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடியும் முன்பே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, விளக்கோடு ரப்பர் மர நிரைக்குப் போனார்கள் நம் பாட்டிமார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உள்மரத்தில் காயம் படக்கூடாது. எத்தனை நுட்பமான வேலை!

1943இல் நேதாஜி அமைத்த பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பலர் இதே ரப்பர் தோட்டப் பெண்கள். துப்பாக்கி ஏந்திய அவர்களின் படங்களைப் புத்தகங்களில் பார்க்கிறோம். கத்தி பிடித்த காலத்தை யார் எழுதினார்கள்?

உங்கள் வீட்டில் பாட்டியின் கத்தியோ, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணமோ, வாளியோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். யாருடையது, எந்தத் தோட்டம் என்று எழுதி ஒட்டிவையுங்கள்.