தம்பி பெயரில் கடை

புதுச்சேரியில் ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் ஒன்பது ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். மனு எழுதுவது, முதியோர் உதவித்தொகைக் காகிதங்களை அடுக்குவது, சாவு வீட்டுக்கு மாலை சொல்வது எல்லாம் என் பொறுப்பு.

அவருக்கு அரசியலுக்கு வருவதற்கு முன்பே சிமெண்ட், கம்பி விற்கும் கடை இருந்தது. "கட்சி சோறு போடவில்லை, கடைதான் போட்டது" என்பார். பொய்யில்லை. ஒரே முகூர்த்த நாளில் பதினோரு கல்யாணங்களுக்கு மொய் கவர் எழுதியிருக்கிறேன். அது சட்டமன்றச் சம்பளத்தில் நடக்கிற காரியமா?

முதல் வெற்றிக்குப் பிறகு கடையைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டார். 2021 தேர்தலுக்கான பிரமாணப் பத்திரத்தை, அதாவது படிவம் 26-ஐ, நான்தான் நிரப்பினேன். அரசுடன் ஒப்பந்தம் உண்டா என்று ஒரு பகுதி கேட்கிறது. வேட்பாளருக்கு ஒரு வரி, மனைவிக்கு ஒன்று, அவரைச் சார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று, பங்குதாரராக உள்ள நிறுவனத்துக்கு ஒன்று. தனிக் குடும்பம் நடத்தும் தம்பிக்கு வரி கிடையாது. எல்லாவற்றிலும் 'இல்லை' என்று எழுதினேன்.

"கடையைப் பற்றி ஒன்றும் வரவில்லையே, அண்ணே?"

"கேட்டதற்குப் பதில் எழுது, தம்பி. கேட்காததற்கு எதற்கு?"

எழுதியது அத்தனையும் உண்மை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவும், உறுப்பினரே தன் தொழிலின் பேரில் அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் நடப்பில் இருந்தால்தான் தகுதி நீக்கம் என்கிறது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அரசு தரவேண்டிய பணத்துக்குக் காத்திருந்தால், அது நடப்பில் உள்ள ஒப்பந்தமே அல்ல. எங்கள் கடையோ அரசுக்கு ஒரு மூட்டை சிமெண்ட்கூட விற்றதில்லை. அரசு வேலை எடுத்த ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றது.

அவர்களில் ஒருவர் தொகுதியில் வாய்க்கால் கட்டி முடித்திருந்தார். பில் பொறியாளர் மேசையில் தூங்கியது. கடைப் பாக்கி ஏறிக்கொண்டே போனது. ஒரு மாலை தம்பி வந்து, "ஒரு போன் போட்டுச் சொல்லேன்" என்றார். போட்டேன். "எம்.எல்.ஏ. அலுவலகத்திலிருந்து பேசுகிறேன்." அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை. அன்று என் மேசையில் முதியோர் மனுக்கள் பதினான்கு கிடந்தன. அவற்றுக்காக நான் யாரையும் அழைக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கடைக்குப் போனபோது கல்லாவில் பாக்கி நோட்டு விரித்துக் கிடந்தது. கறுப்பு அட்டை, ஓரமெல்லாம் சிமெண்ட் தூசி. அந்த ஒப்பந்தக்காரர் பெயரின் மேல் சிவப்பு மையில் நேர்க்கோடு ஒன்று ஓடியிருந்தது.

நடிகை ஜெயா பச்சன் 2006இல் மாநிலங்களவைப் பதவியை இழந்தது அப்போது நினைவுக்கு வந்தது. உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி அமைப்பின் தலைவராக இருந்ததற்குப் பணம் எதுவும் பெறவில்லை என்றார் அவர். பெற வாய்ப்பிருந்தாலே அது உறுப்பினர் வகிக்கக் கூடாத ஆதாயப் பதவிதான் என்றது உச்ச நீதிமன்றம். வாங்காத பணத்துக்கு அங்கே பதவி போனது. இங்கே வாங்கிய பணத்துக்குச் சிவப்புக் கோடு.

மாநிலங்களவையில் உறுப்பினர்களின் பணம் சார்ந்த நலன்களைப் பதிய ஒரு பதிவேடு உண்டு. நிறுவன இயக்குநர் பதவி, ஊதியம் தரும் வேலை, பெரும்பங்கு, ஆலோசனைக் கட்டணம், தொழில்முறைப் பணி என ஐந்து விவரங்கள் கேட்கிறார்கள். அப்படியொன்றை எங்களிடம் நீட்டியிருந்தாலும் ஐந்திலும் 'இல்லை' என்றே எழுதியிருப்பேன், அதே நல்ல கையெழுத்தில். சுமார் பத்து லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள் உள்ள ஊர் இது. யார் கடை யாருடையது என்று தெருமுனை டீக்கடைக்குத் தெரியும், படிவத்துக்குத்தான் தெரியாது.

அண்ணனுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. அந்த வாரம் பாரதி பூங்காவுக்கு எதிரே, சட்டமன்றத்திலிருந்து இறங்கி வந்து காரில் ஏறும்போது ஃபைலை என்னிடம் நீட்டினார்.

"வாய்க்கால்காரன் பாக்கியைத் தீர்த்துவிட்டானாமே?" என்றார்.

"ஆமாம், அண்ணே" என்று கதவைச் சாத்தினேன்.