விங் சுன்: முதல் சில மாதங்களை எதற்குக் கொடுப்பது?

விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பழகப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, பயிற்சிக்கான மரப்பொம்மையில் எப்போது அடிக்கலாம் என்பதுதான். அதற்கு அவசரமே வேண்டாம். முதல் சில மாதங்களை சியு நிம் தாவ் என்ற தனிப்பயிற்சிக்கும், இருவர் கையோடு கை ஒட்டிப் பழகும் சி சாவுக்கும் கொடுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும் சண்டை இது. கண் பார்த்து முடிவெடுப்பதற்குள் அடி விழுந்துவிடும். எதிராளியைத் தொட்டிருக்கும் முன்கைதான் முதலில் உணர வேண்டும்.

சியு நிம் தாவ் முதல் படிவம், அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர். அதில் கால் இடம் மாறாது. முதல் பகுதியை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் செய்யுங்கள். உள்ளங்கை மேல்நோக்கியிருக்கும் ‘தான் சாவ்’ என்ற கைநிலை முன்னே போகும்போது முழங்கை உள்ளடங்கி, நெஞ்சின் நடுக்கோட்டை ஒட்டியே நகர வேண்டும். தோள் தூக்கினால் நிறுத்தி, தளர்த்திவிட்டுத் தொடருங்கள். அடுத்து, எதிராளியின் கைமேல் மணிக்கட்டை மடக்கி வைக்கும் ஃபுக் சாவ் மூன்று முறை வரும். கை அசந்துபோய் மூன்றாவதில் முழங்கை வெளியே ஓடப் பார்க்கும். அதை உள்ளே வைத்திருப்பதுதான் பயிற்சி.

அப்புறம் ஒற்றைக்கை சி சாவ். ஒருவர் ‘தான் சாவ்’ வைக்க, மற்றவர் அதன்மேல் ஃபுக் சாவ் வைப்பார். முதலாமவர் உள்ளங்கையால் நெஞ்சை நோக்கி அடித்தால், மற்றவர் முழங்கையை இறக்கி ஜம் சாவால் அடக்கிவிட்டுக் குத்துவார். அந்தக் குத்தை முதலாமவர், முழங்கையை உயர்த்தும் போங் சாவால் திருப்புவார். சுற்று பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். குத்து கிளம்பும் முன்பே அழுத்தம் மாறுவது தோலில் தெரியும். பலத்தால் அமுக்குகிறவருக்கு இது கடைசிவரை பிடிபடாது.

வரலாற்றையும் படியுங்கள். இங் முய் என்ற பிக்குணி யிம் விங் சுன் என்ற பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்த கதை அழகான வாய்மொழி மரபு. ஆனால் உறுதியான தடம் 19ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஃபோஷான் நகர வைத்தியர் லியுங் ஜானிடமிருந்துதான் கிடைக்கிறது. அவருடைய மாணவர் சான் வா ஷுன்; அவரிடம் சிறுவயதில் சேர்ந்தவர் இப் மேன். 1950இல் ஹாங்காங்கில் உணவகத் தொழிலாளர் சங்கத்தில் இப் மேன் கற்பிக்கத் தொடங்கினார். புரூஸ் லீ அந்தப் பத்தாண்டில் வந்து சேர்ந்த மாணவர்.

ஃபோஷானில் தரையில் நட்டிருந்த மரப்பொம்மை, ஹாங்காங்கின் அடுக்குமாடி வீடுகளில் மரச்சட்டத்தில் தொங்கத் தொடங்கியது. இப் மேன் வழியில் அதற்கு 116 அசைவுகள். முழங்கை இடம் தெரியாமல் அவற்றைப் பழகினால் முன்கை வீங்குவதுதான் மிச்சம்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். சி சாவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள், ஆசிரியர் தானே கை கொடுத்துப் பழக்குகிறாரா என்று கவனியுங்கள்.