குமிழி கரையும் வரை

24 பிப்ரவரி 2025, திங்கள்
தரையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, முகத்தைக் கவிழ்த்தபடியே இதைத் தட்டுகிறேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவின் நெவார்க்குக்கு 15,344 கிலோமீட்டர். நேர்விமானத்தில் பதினெட்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நான் என்றைக்கு ஏறலாம் என்பதைத்தான் கண் மருத்துவர் சொல்ல மறுக்கிறார்.

26 பிப்ரவரி, புதன்
விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைப் போல இருப்பதில்லை. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. விழித்திரையைத் தாங்குவதற்காக என் கண்ணில் அடைத்திருக்கும் வாயுக் குமிழி அந்த அழுத்தத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விரியப் பார்க்கும். விழிக்குள் அதற்கு இடமேது? கண்ணின் அழுத்தம் ஏறி, இரத்த ஓட்டம் நின்று, பார்வையே போய்விடலாம். இந்தக் கணக்கில் ஊட்டிக்குப் போவதும் எனக்கு இப்போது விலக்குதான்.

27 பிப்ரவரி
அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பனிக்குட நீர் இன்னும் கசிகிறதாம். கர்ப்பத்தின் முப்பத்தோராவது வாரம்.

2 மார்ச், ஞாயிறு
மகள் பள்ளியில் படித்தபோது வாங்கிய உலக உருண்டையை எடுத்து நூல் பிடித்துப் பார்த்தேன். சாங்கி 104 பாகை கிழக்கில் இருக்கிறது, நெவார்க் 74 பாகை மேற்கில். ஏறக்குறைய நேரெதிர்த் தீர்க்கரேகைகள் என்பதால், இறுக்கிப் பிடித்த நூல் வடதுருவத்தை ஒட்டியே போகிறது. இங்கிருந்து துருவம் வரை எண்பத்தெட்டரைப் பாகைக்குச் சற்று மேல், அங்கிருந்து கீழே நாற்பத்தொன்பதுக்குச் சற்று மேல், ஆக 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,318. அச்சிட்ட கணக்குக்கு 26 கிலோமீட்டர்தான் குறைவு என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை. ஆனால் போகும் விமானம் பெரும்பாலும் நூலின் வழியே போவதில்லை. வட பசிபிக்கின் மேல் கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றைப் பிடிப்பதற்காகச் சுற்றிக்கொண்டு போகிறது. தூரம் கூடினாலும் நேரம் குறைகிறது.

மனைவி மகளிடம் போய் இறங்கிவிட்டாள் என்பதே இப்போதைக்கு ஆறுதல்.

5 மார்ச், புதன்
பிராங்ஃபர்ட்டில் இறங்கி ஏறினால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்குமே என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு மணி நேரம் பறந்தாலும் குமிழி விரியும் என்பதை அவருக்கு மூன்று முறை விளக்கினேன். 2013 நவம்பரில் நிறுத்திய நெவார்க் நேர்விமானத்தை 2018 அக்டோபரில்தான் மீண்டும் விட்டார்கள். இடையில், 2016இல், மகள் பிராங்ஃபர்ட் வழியாகத்தான் போனாள். அன்று அவளை வழியனுப்பியபோது தூரத்தைப் பற்றி நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

9 மார்ச், ஞாயிறு
நம் பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். பதின்மூன்று மணி நேர வித்தியாசம் பன்னிரண்டாகிவிட்டது. முட்களை மாற்றாமலே அவளுடைய நேரத்தை என் சுவரில் பார்க்கலாம். பகல் இரவாகிவிடும், அவ்வளவுதான்.

12 மார்ச்
குமிழியின் விளிம்பு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. தலையை அசைத்தால் போத்தலில் பாதி நீர் தளும்புவதைப் போலத் தெரிகிறது. மருத்துவர் சோதித்துவிட்டு, முழுவதும் கரைய வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

15 மார்ச், சனி, காலை 7
நேற்றிரவு புறப்பட்ட விமானத்தைத் திரையில் தொடர்ந்துகொண்டிருக்கிறேன். ஜப்பானைத் தாண்டிவிட்டது, இன்னும் பதினொன்றரை மணி நேரம். மகளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள் என்று மனைவி அழைத்துச் சொன்னாள்.