வீட்டை ஓட்டிக்கிட்டு மெக்சிகோவுக்கு

கனடாவில், கால்கரியில் இன்னைக்கு மைனஸ் 26 டிகிரி என்று மகள் மெசேஜ் போட்டிருக்கிறாள். நான் செருப்புகூடப் போடாமல் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இடம் மெக்சிகோவில் பாஹா கலிபோர்னியா சுர். முலெஹே ஊருக்குத் தெற்கே கன்செப்சியோன் வளைகுடா, எல் ரெக்கேசோன் கடற்கரை. தண்ணீரிலிருந்து இருபது அடி தள்ளி எங்கள் ஆர்வி, அதாவது வீடும் வண்டியும் ஒன்றாக இருப்பது. கரண்ட் இல்லை, குழாய் இல்லை. கூரையில் சோலார், டேங்கில் இருக்கிற தண்ணீர், அவ்வளவுதான். ஒரு சொம்பில் நாலு தட்டு கழுவும் வித்தை மெட்ராஸில் லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நின்ற காலத்தில் கற்றது. இங்கே கைகொடுக்கிறது!

வந்த வழியைப் பற்றிக் கேட்காதீர்கள். 1973இல் முடித்த ஒன்றாம் நம்பர் நெடுஞ்சாலை, பல இடத்தில் ஓரமே கிடையாது. எதிரே லாரி வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். (ஓட்டுவது அவர், நல்லவேளை.) கனடா இன்சூரன்ஸ் இங்கே செல்லாது, மெக்சிகோ பாலிசி தனியாக எடுத்தோம்.

கடல் வற்றும்போது எதிரே இருக்கிற குட்டித் தீவுக்கு மணல் திட்டு மேலேயே நடந்து போகலாம். நேற்று போனோம். இவர் சிப்பி பொறுக்குகிறேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பும்போது இடுப்பளவு தண்ணீர். தலைமேல் செருப்பு, செருப்புக்குள் போன், வாயில் கார் சாவி. பக்கத்து வண்டித் தாத்தா கை தட்டினார்.

ராத்திரி வடகாற்று பிய்த்து உதறிவிட்டது. பந்தல் துணி கிழிந்து கிடக்கிறது. ஊசி நூல் எங்கே வைத்தேன் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.