சிங்கப்பூர் டு நியூயார்க்: 15,300 கி.மீ., ஒரே மூச்சில்

தங்கை வீட்டு சோபாவில் கால் நீட்டியபடி எழுதுகிறேன். கணுக்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் சுமார் 15,300 கி.மீ. என்று இணையத்தில் பார்த்துவிட்டு, மணிக்கு 900 கி.மீ. போட்டு 17 மணி நேரம் என்று நானே கணக்குப் பண்ணி வைத்திருந்தேன். சுத்த வேஸ்ட். அது உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். வடதுருவத்தை ஒட்டிப் போகும். நாங்கள் போனதோ ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கைக் கடந்து. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்று விமானத்தை முதுகில் தள்ளும். சுற்றுவழிதான், ஆனால் நேரமும் எரிபொருளும் மிச்சம். அப்படியும் 18 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

என் வயிற்றெரிச்சல் டிக்கெட்டில். இந்த ஏர்பஸ் ஏ350 யுஎல்ஆரில், அதாவது மிக நீண்ட தூரம் பறக்கும் ரகத்தில், எகானமியே கிடையாது! சாதாரண ஏ350-ல் 300 பேருக்கு மேல்கூட ஏற்றுகிறார்கள். இதில் 161 இருக்கைதான். இவ்வளவு தூரத்துக்கு எண்ணெய் சுமக்க வேண்டும், ஆள் எடை குறைய வேண்டும். நியாயம்தான். அந்த நியாயத்துக்குக் காசு கொடுத்தது என் சேமிப்பு. வழியில் இறங்கி மாறிப் போயிருந்தால் மிச்சம் பிடித்திருக்கலாம் என்று பத்தாவது மணி நேரத்தில் கப் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே நினைத்தேன். ஜன்னலெல்லாம் மூடி ஒரே இருட்டு. ஒரு குட்டித் தூக்கம் போட்டு விழித்ததாக நினைத்துத் திரையைப் பார்த்தால், நகர்ந்தது 11 நிமிடம்.

ஒரு வேடிக்கை. கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். செவ்வாய் நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, செவ்வாய் காலை ஆறரை வாக்கில் இறங்கினேன். கைக்கடிகாரத்தின் முள்ளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் ஒருவன் "டாக்சி, டாக்சி" என்று பெட்டியில் கை வைத்தான். மன்ஹாட்டனுக்கு 120 டாலராம். மஞ்சள் டாக்சிக்கே நிலையான கட்டணம் 70 டாலர், அதற்கு மேல் டோலும் டிப்ஸும். போய்யா என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். விமான நிலைய ரயிலான ஏர்ட்ரெயினில் நியூயார்க்கின் ஜமைக்கா ஸ்டேஷன் வரை 8.50 டாலர், அங்கிருந்து சப்வே 2.90. இது 2024 நிலவரம். அந்த 11.40 டாலரில் எனக்கு அப்படி ஒரு திருப்தி.

தங்கை மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷனில் காத்திருந்தாள். 'ஈ' (E) என்ற சப்வே ரயிலில் உட்கார்ந்தேன், பெட்டியை முட்டிக்கு நடுவில் வைத்துக் கண்ணை மூடினேன். 18 மணி நேரம் வராத தூக்கம் அப்போது வந்தது. யாரோ தோளைத் தட்டி எழுப்பினார்கள். வேர்ல்ட் டிரேட் சென்டர், கடைசி நிறுத்தம். அதே ரயிலில் திரும்பி வந்தேன். நல்லவேளை, மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கவில்லை.