ஆறரைக் கட்டையில் நின்ற இரைச்சல்

என்னுடைய 2001ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் எக்ஸாஸ்ட், அதாவது என்ஜின் புகையை வெளியேற்றும் குழாய் அமைப்பின் வேலை, ஒருவழியாக முடிந்திருக்கிறது. தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இடையில் இரண்டு முறை, செய்ததையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் பழைய சைலன்சரையே மாட்டிக்கொண்டு ஓட்டினேன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை, அதிலும் குறிப்பாக எங்கே கணக்குத் தவறினேன் என்பதை, இதே எண்ணத்தோடு இருக்கும் மற்றவர்களுக்காக எழுதி வைக்க விரும்புகிறேன்.

இந்தக் காரின் முதல் தலைமுறை 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. என்னுடையது இரண்டாம் தலைமுறை; 1.8 லிட்டர் என்ஜின், ஐந்து கியர், நிமிடத்துக்கு 7000 சுழற்சியில் உச்ச ஆற்றல். மாஸ்டா நிறுவனம் இந்தக் காரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியத் தொடரைச் சொல்லும். குதிரையும் அதன் மேலிருப்பவரும் ஓருடலாக ஆவது என்பது அதன் பொருள். ஸ்டியரிங், கியர், இருக்கை ஆகிய மூன்றிலும் அந்த ஒருமை எனக்குக் கிடைக்கிறது. ஆனால் 4000 சுழற்சிக்கு மேல் என்ஜின் உயிர்பெற்று எழுவதைக் கையும் காலும் உணர்கின்ற அளவுக்குக் காது உணரவில்லை. குளம்பொலி கேட்காத குதிரைச் சவாரியாக அது எனக்குப் பட்டது.

பலரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். யாரோ ஒருவர் கழற்றி விற்ற பழைய எக்ஸாஸ்ட் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். 63 மில்லிமீட்டர் குழாய், நடுவில் ரெசனேட்டர் (சத்தத்தைத் தணிக்கும் துணை உருளை) கிடையாது, பின்னால் ஒரு சிறிய உருளைச் சைலன்சர். மாட்டிய முதல் நாள் மாலை, கிராமத்துச் சாலையில் அரைமணி நேரம் ஓட்டியபோது மிகவும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. மறுநாள் இங்கிலாந்தில் நான் வசிக்கும் கவென்ட்ரியிலிருந்து லண்டன் ஹாரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். எம்40 நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில், ஐந்தாவது கியரில், என்ஜின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் 3500இல் நிற்கும்போது, காதை அடைத்து மண்டைக்குள் அழுத்துகின்ற ஓர் ஒற்றைச்சுர இரைச்சல் எழுந்து அப்படியே நின்றது. முள்ளை 3000க்கு இறக்கினால் போய்விடும். 4000க்கு ஏற்றினாலும் போய்விடும். ஆனால் அந்தச் சாலையில் எல்லாரும் ஓட்டும் வேகத்தில்தான் அது குடியிருந்தது. அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது தலைவலி.

அந்த இரைச்சல் ஏன் வந்தது என்று புரிந்துகொள்ள, சைலன்சருக்குள் நடப்பதைச் சற்று விளக்க வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு சிலிண்டர்களில் எரிபொருள் வெடிக்கிறது. எனவே 3500 சுழற்சியில் நொடிக்கு ஏறத்தாழ 117 அழுத்த அலைகள் குழாய்க்குள் பாய்கின்றன. அதுதான் அடிப்படை அதிர்வெண். அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று மேலே பல அதிர்வெண்களும் சேர்ந்தே வருகின்றன, அவை எந்தெந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் ஒலியின் குணம் அமைகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரும்பூச்சுதான் அதன் மேல்சுரங்களை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று சி. வி. இராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் விளக்கியது இங்கே நினைவுக்கு வருகிறது. தோல் ஒன்றுதான், எதை ஒடுக்கி எதை விடுகிறோம் என்பதில்தான் நாதம் பிறக்கிறது.

தொழிற்சாலைச் சைலன்சருக்குள் அறைகளும் தடுப்புகளும் உள்ளன. அலை அவற்றில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு மோதி அடங்குகிறது. இந்த முறை தாழ்ந்த அதிர்வெண்களை நன்றாக அடக்கும். நான் வாங்கியதோ மற்றொரு வகை: துளையிட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. பஞ்சு உயர்ந்த அதிர்வெண்களை உறிஞ்சிக்கொள்ளும். தாழ்ந்தவற்றை அப்படியே விட்டுவிடும். அதிலும் என்னுடையதில் பஞ்சு பாதிக்கு மேல் கருகிப் பறந்துபோயிருந்ததை அறுத்துப் பார்த்தபோதுதான் அறிந்தேன். ஆகவே உயர்ந்த பக்கத்தில் தகரத்தைச் சுரண்டும் கரகரப்பும், தாழ்ந்த பக்கத்தில் அந்த 117 ஹெர்ட்ஸ் இரைச்சலும் ஒருங்கே கிடைத்தன. எனக்கு வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் திட்டத்தையே மாற்றியது அதுதான். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டின் வாகனக் கட்டுமான, பயன்பாட்டு விதிகளில் 54ஆவது விதி, எக்ஸாஸ்ட் வழியே வரும் சத்தம் கூடும்படி அதை மாற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையில், புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி இருக்க வேண்டிய காரில் அது இல்லையென்றால் தோல்விதான். அதைக் கழற்றிவிட்டு வெற்றுக் குழாயைப் பொருத்துவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். அடுத்தவர் சுவாசிக்கும் காற்றைக் கெடுத்துப் பெறுகின்ற ஒலியில் எனக்கு இன்பம் இல்லை. மேலும், எதிர்வீட்டில் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் செவிலியர் ஒருவர் இருக்கிறார். எனவே என் இலக்கை இப்படி வகுத்துக்கொண்டேன்: சத்தத்தின் அளவு தொழிற்சாலை நிலையிலேயே இருக்க வேண்டும், அதன் குணம் மட்டும் மாற வேண்டும்.

அளப்பதற்கு நடைமுறையில் உள்ள முறையையே பின்பற்றினேன். குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில், வாயின் உயரத்திலேயே ஒலிமானியை வைத்து, உச்ச ஆற்றல் சுழற்சியில் முக்கால் பங்கில், அதாவது 5250இல், என்ஜினை நிறுத்திப் பிடித்து அளக்க வேண்டும். பழைய சைலன்சரில் 87 டெசிபெல் காட்டியது, வாங்கியதில் 96. ஒன்பது டெசிபெல் என்பது காகிதத்தில் சிறிய எண். மனிதக் காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு உரப்பு.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் அக்கா மகள். பன்னிரண்டு வயது, ஹாரோவில் வாய்ப்பாட்டு கற்கிறாள். ஒருநாள் அவளை வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு ஏ40 சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அந்த இரைச்சல் எழுந்தது. அவள் கைபேசியில் சுருதிச் செயலியைத் திறந்து, ஒவ்வொரு கட்டையாக நகர்த்தி, கொஞ்ச நேரம் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "மாமா, இது ஆறரைக் கட்டை. கீழ் ஸ்தாயி" என்றாள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஆறரைக் கட்டை என்பது மேற்கத்தியக் கணக்கில் ஏ ஷார்ப். அவள் சொன்ன ஸ்தாயியில் 116.5 ஹெர்ட்ஸ். 3500 சுழற்சிக்கு என் கணக்கில் வந்தது 116.7. ஒரு குழந்தையின் காது இவ்வளவு துல்லியமாக இருப்பதைக் கண்டு நெடுநேரம் வியந்துகொண்டிருந்தேன். எந்தச் சுரத்தை எடுக்க வேண்டும் என்பதில் இனி ஐயமில்லை.

ஒரே ஒரு சுரத்தை மட்டும் எடுக்க வழி இருக்கிறது. பிரதான குழாயின் பக்கவாட்டில், மறுமுனை அடைக்கப்பட்ட ஒரு கிளைக் குழாயைப் பற்றவைக்க வேண்டும். அதன் நீளம் அந்தச் சுரத்தின் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், கிளைக்குள் போன அலை அடைப்பில் மோதித் திரும்பி வரும்போது அரை அலை பின்தங்கியிருக்கும். பிரதான குழாயில் மேடாக வரும் அலையை இது பள்ளமாகச் சந்திக்க, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிளை எந்த இடத்தில் சேர்கிறது என்பதும் முக்கியம். அந்த அதிர்வெண்ணுக்கு அழுத்தமாற்றம் குறைவாக உள்ள இடத்தில் சேர்த்தால் நீளம் சரியாக இருந்தும் பயனில்லை.

நார்த்தாம்டனுக்கு அருகே, பந்தயக் கார்களுக்கு எக்ஸாஸ்ட் செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் வெல்டிங் வேலை எடுக்கிறார். அவரிடம் போனேன். இங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவதால் எல்லா போல்ட்டுகளும் துருவேறிக் கட்டியாகியிருந்தன. அவற்றைச் சூடேற்றிக் கழற்றுவதற்கே ஒரு முற்பகல் ஆயிற்று. 57 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், நடுவில் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள பஞ்சு ரெசனேட்டர், பின்னால் அறையும் பஞ்சும் இரண்டும் கொண்ட பெரிய நீள்வட்டச் சைலன்சர் என்று முடிவாயிற்று. 63 மில்லிமீட்டர் வேண்டாம் என்றார் அவர். காற்றை இயல்பாக உறிஞ்சும் 1.8 லிட்டர் என்ஜினுக்கு அவ்வளவு அகலம் தேவையில்லை. குழாய் அகலும்போது அடிச்சத்தம்தான் பெருகும். பற்றவைக்கும்போது குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் வாயுவைச் செலுத்திக்கொண்டே இருந்தார். இல்லாவிட்டால் உள்பக்கப் பற்று கருகிச் சொரசொரப்பாகி, பின்னாளில் அங்கேதான் விரிசல் விடும். அந்தப் பொறுமையை அருகில் நின்று பார்த்தது எனக்குப் பெரிய பாடம்.

கிளைக் குழாயின் நீளத்தை நான்தான் கணக்கிட்டுக் கொடுத்தேன். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, 117 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 73 சென்டிமீட்டர் என்றேன். பெரியவர் புருவத்தை உயர்த்தினார், ஆனாலும் மறுக்கவில்லை. முனையைப் பற்றவைக்காமல், கவ்வியால் இறுக்கும் மூடியாக வைத்தார். கியர்பெட்டியையும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் அலுமினியச் சட்டத்துக்கு அருகில் கிளையைச் சேர்த்து, குழாயோடு ஒட்டியே ஓடவிட்டோம். ஓட்டிப் பார்த்தேன். 3500இல் இரைச்சல் குறைந்திருந்ததே தவிர, போகவில்லை. ஆனால் 4200ஐத் தொட்டதும், யாரோ ஒரு கதவைச் சாத்தியதுபோல அடிச்சத்தம் முழுவதும் மறைந்தது.

பிழை எனக்கு அப்போதுதான் உறைத்தது. 343 என்பது அறை வெப்பக் காற்றில் ஒலியின் வேகம். வெப்பம் கூடக் கூட வேகமும் கூடும். 300 டிகிரி செல்சியஸ் புகையில் அது ஏறத்தாழ 480. அப்படியானால் நீளம் 103 சென்டிமீட்டர் ஆக வேண்டும் என்று உடனே மறு கணக்குப் போட்டு, குழாயைக்கூட வாங்கிவிட்டேன். அதை வெட்டுவதற்குச் சற்றுமுன், காரே எனக்கு ஒரு விடையைக் கொடுத்திருக்கிறது என்று தோன்றியது. 73 சென்டிமீட்டர் கிளை 4200 சுழற்சியில், அதாவது 140 ஹெர்ட்ஸில் வேலை செய்கிறதென்றால், அதற்குள் ஒலியின் வேகம் 73 சென்டிமீட்டரை நான்கால் பெருக்கி மறுபடி 140ஆல் பெருக்கிய அளவு. ஏறத்தாழ நொடிக்கு 410 மீட்டர். அந்த வேகத்துக்கு உரிய வெப்பம் 150 டிகிரியை ஒட்டியது. முனை அடைத்த கிளைக்குள் புகை ஓடுவதில்லை, தேங்கி நிற்கிறது. வெளிக்காற்று அதைக் குளிர்விக்கிறது. பிரதான குழாயின் வெப்பத்தை அங்கே போட்டுப் பார்ப்பது முதல் பிழைக்கு எதிர்ப்பக்கத்துப் பிழை. 410ஐ வைத்துப் போட்டால் வருவது 88 சென்டிமீட்டர். வாங்கிய குழாயை அந்த நீளத்துக்கு அறுத்து மாட்டினோம்.

அன்று மாலை எம்40இல் 70 மைல் வேகத்தில் பக்கத்து இருக்கையிலிருந்த பெரியவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிந்தது. ஒலிமானி 88 காட்டியது. இந்த மானியின் பிழை அளவுக்குள் அது பழைய அளவேதான். ஆனால் குணம் முற்றிலும் வேறு. 2000இல் தாழ்ந்த, கனிவான முணுமுணுப்பு. 3500இல் காற்றின் ஓசையைத் தவிர ஒன்றுமில்லை. 4500க்கு மேல் மேல்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து, 6500இல் உலோகத்தின் பளபளப்புடைய, ஆனால் கரகரப்பில்லாத, ஒரே இழையான குரலாக உயர்கிறது. சுபாரு காரின் விட்டுவிட்டுக் குமுறும் ஒலியை இதில் எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். அது, கிடைநிலை என்ஜினின் இரு பக்கத்திலிருந்தும் வரும் குழாய்களின் நீளம் சமமாக இல்லாததால் பிறப்பது. வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டர்கள் சீராக வெடிக்கும் இந்த என்ஜினுக்குச் சீர்மைதான் அழகு. அதைக் குலைத்து வேறொரு காராக்க எனக்கு மனமில்லை.

ஆற்றல் கூடியதா என்று கேட்பார்கள். உணரும்படி எதுவுமில்லை. எடை சில கிலோ குறைந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவித்துவிட்டேன், எம்ஓடியிலும் தேறிவிட்டது. பஞ்சை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், அதற்காகச் சைலன்சரின் ஒரு முனையைத் திருகாணி வைத்துத் திறக்கும்படி செய்து வாங்கிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. குளிர்காலக் காலையில் கிளம்பும்போது கிளைக் குழாய் சில்லிட்டிருக்கிறது. அந்த நிலையில் அது 2900 சுழற்சியை ஒட்டிய சுரத்தைத்தான் அழிக்கும். 3500க்கு உரியது தப்பித்துவிடும். அதனால் ஏ46 சாலையில் ஏறிக் கெனில்வொர்த்தைக் கடக்கும்போது அந்த ஆறரைக் கட்டை மெல்ல எழுகிறது. குழாய் சூடேறச் சூடேற அது ஒவ்வொரு மைலுக்கும் தேய்ந்து, வாரிக் வருவதற்குள் முழுவதும் கரைந்துவிடுகிறது. அக்கா மகள் உடன் வரும் நாட்களில், அது எந்த இடத்தில் மறைகிறது என்று அவள்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுச் சொல்கிறாள்.